ஏடிஎஃப் – அசிட்டோன் கலவை: இறுகிப் போன டிராக்டர் இன்ஜினில் 41 நாள்

துருவில் இறுகியதை இளக்க ஊற்றும் இந்தக் கலவைக்கு மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. துருப்பிடித்த நட்டு போல்ட்டுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்தே கொடுப்பேன். ஆனால் நான் இதை வாங்கியது நட்டுக்காக இல்லை. அப்பாவின் மாஸி பெர்குசன் 35 டிராக்டருக்காக. 11 வருஷம் ஓடாமல் நின்ற வண்டி. கொட்டகைக் கூரையில் ஒரு தகடு பறந்து போனது யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஓட்டைக்கு நேர் கீழே, மூடி இல்லாமல் வாய் பிளந்து நின்றது சைலன்சர் குழாய். அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் வைத்தது. இந்த 35 மாடலில் முதலில் நான்கு சிலிண்டர் டீசல்தான் வந்தது; 1959 கடைசியில்தான் இந்த மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு மாற்றினார்கள். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 91.4 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 127. கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 834 சிசி வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு ஊற்றலாம் என்ற கேள்வி வரும்போது உதவும்.

என் பக்கம் இருந்தவர் சித்தப்பா. ஆயுசில் பாதியை டீசல் பம்புக்கும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்கும் கொடுத்தவர். இப்போது முட்டி வலி, குனிய முடியாது. அதனால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல, நான் செய்தேன். எனக்கு வேலை கணக்கு எழுதுவது. ஸ்பேனர் பிடிப்பது இல்லை. கணக்குப் புத்தி விடாமல் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போட்டேன். இந்த விமர்சனம் அந்த நோட்டிலிருந்து வருகிறது.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. "சுத்தலன்னா உடனே பிஸ்டன் பிடிச்சிருச்சுன்னு முடிவு கட்டாத பாப்பா" என்றார் சித்தப்பா. நியூட்ரலில் போட்டுத் தள்ளச் சொன்னார். வண்டி நகர்ந்தது, ஆகவே கியர் பெட்டி மேல் பழி இல்லை. இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொன்னார். சில நேரம் அதன் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், இன்ஜினோடு சுற்றும் பிளைவீல் என்ற பெரிய சக்கரத்தின் பல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும், இன்ஜின் சீஸ் ஆன, அதாவது இறுகிப் போன மாதிரியே இருக்குமாம். அதுவும் இல்லை. மூன்று நாசிலையும் எடுக்கச் சொன்னார். சிலிண்டர் நிறைய தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் முட்டும். நாசிலை எடுத்தால் அது வெளியே வந்துவிடும். ஒன்றும் வரவில்லை. செல்ஃப் இருந்த ஓட்டை வழியாகக் கடப்பாரை மாதிரி ஒரு லீவரைப் பிளைவீல் பல்லில் கொடுத்து அழுத்தினேன். மயிரிழை கூட அசையவில்லை. சரி, பிஸ்டன்தான்.

முதலில் வாங்கியது கலவை இல்லை. துரு நீக்கும் ஸ்பிரே டப்பா ஒன்று, பெயர் வேண்டாம். மூன்று நாசில் ஓட்டையிலும் மாறி மாறி அடித்து டப்பாவைக் காலி செய்தேன். ஸ்பிரேயைக் குறை சொல்லிப் பயனில்லை, தப்பு என்னுடையது. டப்பாவில் இருப்பதில் பாதி அடிக்கும்போதே ஆவியாகிவிடும். மிச்சம் பிஸ்டன் தலையில் ஒரு ஈரப் படலமாக நிற்கும், அவ்வளவுதான். புகை போகும் மேனிஃபோல்டு குழாயின் நட்டுக்கு அடித்தேன், இருபது நிமிஷத்தில் கழன்றது. பிஸ்டனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதற்கப்புறம்தான் ஊரெல்லாம் புகழும் கலவை. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியிலும் பவர் ஸ்டீயரிங்கிலும் ஊற்றுகிற சிவப்பு எண்ணெய் இருக்கிறதே, ஏடிஎஃப், அது ஒரு பங்கு. அசிட்டோன் ஒரு பங்கு. இணையத்தில் பல வருஷமாக ஒரு சோதனைக் கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. துருப்பிடிக்க வைத்த போல்ட்டை எதுவும் போடாமல் திருப்ப 516 பவுண்டு விசை, இந்தக் கலவை போட்டால் 53 என்று. அந்த 53-ஐப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன். அது போல்ட்டில் செய்த சோதனை, பிஸ்டனில் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

கலப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாத ஒன்று: இரண்டும் ஒன்றோடொன்று சேராது. கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினேன். ரோஸ் பால் மாதிரி ஆனது. கீழே வைத்துவிட்டுக் கை துடைத்து வருவதற்குள் அடியில் சிவப்பு, மேலே வெளுப்பு என்று பிரிந்து நின்றது. கனம் அதிகமான எண்ணெய் கீழே போய்விடுகிறது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் குலுக்கி உடனே ஊற்ற வேண்டும். இன்னொன்று, அளந்து ஊற்ற நான் எடுத்த தெர்மாகோல் கப். அசிட்டோனை ஊற்றிய மறு நொடி அடிப்பாகம் வெல்லப்பாகு மாதிரி இளகி, கால் செருப்பு மேல் கொட்டியது. சித்தப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய் பீடிக் கட்டைக் கொட்டகைக்கு வெளியே திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். இதை ஊற்றியிருக்கும் இன்ஜின் பக்கத்தில் கேஸ் டார்ச், வெல்டிங், கிரைண்டர் எதுவும் ஆகாது. தகர டப்பா எடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். பானட்டில் ஒரு சொட்டு விழுந்த இடத்தில் அப்பா அடித்த சிவப்புப் பெயின்ட் சுருங்கித் தோலுரிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

9-ஆம் நாள் நாசில் ஓட்டை வழியாக ஊற்றினேன். ஒன்றாவது சிலிண்டர் அரை லிட்டருக்கு மேல் வாங்கிக்கொண்டது, அதன் பிஸ்டன் அடியில் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கால் லிட்டருக்கே நிரம்பி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூட்டில் சிவப்பாகச் சொட்டியது. எனக்கு எரிச்சல். சித்தப்பாவுக்கோ முகம் மலர்ந்தது. "பாத்தியா, ரெண்டாவதுல எக்ஸாஸ்ட் வால்வு தொறந்து நிக்குது. மழத் தண்ணி அந்த வழியாத்தான் உள்ள போயிருக்கு. வில்லன் அவன்தான்." கலவை வேலை செய்ததோ இல்லையோ, துப்பு துலக்கியது. அதற்கே அரை மார்க்.

ஒரு வாரம் காத்திருந்தோம். தினம் காலையில் லீவரைப் போட்டு இரண்டு பக்கமும் அழுத்திப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. பக்கத்து ஆள் ஒருவர் வந்து, "கயிறு கட்டி இன்னொரு டிராக்டர்ல இழுத்தா சுத்திரும்" என்றார். அப்படிச் சுற்றுவதும் உண்டு. ஆனால் பிடித்திருப்பது ஒரு பிஸ்டன், இழுப்பது ஒரு முழு டிராக்டரின் பலம். நடுவில் இருப்பது ஒரு கனெக்டிங் ராடு. எது வளையும் என்று நீங்களே யோசியுங்கள். வால்வும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் திறக்கிற புஷ் ராடும் சேர்ந்து வளையும்.

இந்த இடத்தில் ஒரு கியர் கணக்கு. சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் ஆட்டி இன்ஜினை அசைக்கப் பார்ப்பவர்கள் பலர் முதல் கியரில் போடுகிறார்கள், அதில்தானே பலம் என்று. நேர் தலைகீழ். முதல் கியரில் பலம் இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும்போதுதான். சக்கரத்திலிருந்து இன்ஜினுக்கு என்றால் டாப் கியர்தான் போட வேண்டும்.

16-ஆம் நாள் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டை இறக்கினோம். ராக்கர், புஷ் ராடு எல்லாம் எண் எழுதி வரிசையாகச் செருகி வைத்தேன். உள்ளே பார்த்தால் ஒன்றாவது சிலிண்டர் சுவரில் மெல்லிய பழுப்பு, விரலில் தேய்த்தால் போகிற அளவு. மூன்றாவது பரவாயில்லை. இரண்டாவதில் பிஸ்டனுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் ஒரு பட்டை, பழைய தண்ணீர்த் தொட்டி ஓரம் மாதிரி, அடுக்கடுக்காகத் துரு. பிஸ்டன் தலையில் காய்ந்த சேறு.

ஹெட் இறங்கியதும் கலவையை நிஜமாகவே அளக்க வழி கிடைத்தது. மூன்று சிலிண்டரிலும் ஊற்றி ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திக் குறித்தேன். ஒன்றாவது ஒரே இரவில் காலி. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாக இறங்கி, அடியில் இன்ஜின் ஆயில் நிற்கும் ஆயில் சேம்பருக்குப் போய்விட்டது. அங்கே பிடிப்பு இல்லை. மூன்றாவது மூன்று நாளில் காலி. இரண்டாவதில் இரவு 30 மில்லிமீட்டர், காலையில் 21. ஒன்பது மில்லிமீட்டர்! குதித்தே விட்டேன். சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னால், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மூடி வச்சியா பாப்பா?"

"இல்லயே சித்தப்பா."

"அப்ப கீழ போகல. மேல போயிருக்கு."

விரலை விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் தண்ணீராக இருந்தது இப்போது வழவழவென்று எண்ணெய். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கிற சரக்கு. திறந்து வைத்தால் சாதாரண வெயிலிலேயே பறந்துவிடும். மறுபடி நிரப்பி, ஓரத்தில் கிரீஸ் தடவி இரும்புத் தகட்டை வைத்து மூடினேன். மறுநாள் 30. அதற்கடுத்த நாளும் 30. ஒரு சொட்டு கூட இறங்கவில்லை.

என்னுடைய குறை இதுதான். இந்தக் கலவையைப் புகழ்பவர்கள் "ஊற்றிவிட்டு மாதக் கணக்கில் விடு" என்கிறார்கள். மாதக் கணக்கில் அங்கே கலவை இருக்காது. மூடாவிட்டால் முதல் ஓரிரு நாளிலேயே அசிட்டோன் ஓடிவிடும், மிச்சம் நிற்பது வெறும் ஏடிஎஃப். மூடினாலும் இரண்டும் பிரிந்து கனமான எண்ணெய் அடிக்குப் போகும். ரிங் இருப்பது அடியில்தான். ஆக, பிஸ்டனோடு நாள் கணக்கில் போராடுவது ஏடிஎஃப்தான், பேர் வாங்குவது அசிட்டோன். போல்ட்டில் விஷயம் வேறு. ஒரு சொட்டு விட்டால் அசிட்டோன் மெல்லிய இடுக்கில் எண்ணெயை இழுத்துக்கொண்டு போகும், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், அப்புறம் ஆவியானால் என்ன. ஹெட் நட்டுகளில் இரண்டு அடம் பிடித்தன. கலவையில் ஒரு கால் மணி நேரம், லேசாக இரண்டு தட்டு, சமர்த்தாகக் கழன்று வந்தன. அதில் எனக்குக் குறையே இல்லை.

20-ஆம் நாள் அசிட்டோனுக்கு விடை கொடுத்துவிட்டு, இரண்டாவது சிலிண்டரில் ஏடிஎஃப்பும் டீசலும் பாதிப் பாதி ஊற்றினேன். இது இரண்டும் நன்றாகச் சேரும், பறக்காது, நெருப்புப் பயமும் அந்த அளவுக்கு இல்லை. மூடி வைத்தேன். அதோடு சித்தப்பா சொன்ன ஒரு வேலை: பிஸ்டனுக்கு மேலே உள்ள துருப் பட்டையை நைஸ் எமரித் தாளால் தேய்த்து எடுப்பது. பிஸ்டன் அசைந்தாலும் அந்தத் துரு மேல் ரிங் ஏறினால் மறுபடி சிக்கும், இல்லையென்றால் ரிங் உடையும். நாலு சாயந்திரம் அதற்கே போனது. தேய்த்த தூளைப் பழந்துணியில் ஒற்றி எடுத்து, மறுபடி ஊற்றி, மறுபடி மூடி.

33-ஆம் நாள் காலையில் ஸ்கேலில் 28. மூடி இருந்தும் 28. இந்த முறை குதிக்கவில்லை, துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 28-தான். எண்ணெய் எங்கேயோ வழி கண்டுபிடித்திருக்கிறது.

36-ஆம் நாள் தட்ட ஆரம்பித்தோம். பிஸ்டன் அலுமினியம், சுத்தியலால் நேரே அடித்தால் தலை விரிசல் விடும். சித்தப்பா ஒரு வாகை மரத்துண்டைப் போர் அளவுக்குச் சற்றுச் சிறியதாக வட்டமாகச் செதுக்கிக் கொண்டுவந்தார். அதை வைத்து, மேலே இரண்டு கிலோ சுத்தியல். பலமாக ஒரே அடி இல்லை, நடுத்தரமாகப் பல அடி. "கதவ ஒடைக்கிற மாதிரி அடிக்காத, தட்டிக் கூப்புடுற மாதிரி அடி." இரண்டாவது பிஸ்டன் மேலே ஏறும் வழியில் நின்றிருந்ததால் கீழே தட்டினால் இன்ஜின் பின்பக்கம் சுற்றும், ரிங் துரு இருந்த இடத்தை விட்டு விலகும். எங்களுக்கு அதுதான் வேண்டும். சிலிண்டரின் உள்சுவரான லைனர் எழும்பாமல் இருக்க ஹெட் ஸ்டட்டில் வாஷரும் குழாய்த் துண்டும் போட்டு லேசாக இறுக்கியிருந்தோம். பிளைவீல் பல்லுக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு.

முதல் அரை மணி நேரம் சத்தம் "ணங் ணங்" என்றே கேட்டது, பாறையில் அடிக்கிற மாதிரி. சித்தப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். திடீரென்று "நிறுத்து, கோட்டப் பாரு" என்றார். எனக்கு ஒன்றும் வித்தியாசம் கேட்கவில்லை. குனிந்து டார்ச் லைட் அடித்தால், கோடு அரைப் பல் தள்ளி இருந்தது.

பொறுமையில்லாதவர்கள் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அசைந்ததும் அதே பக்கம் முழு பலத்தில் இழுக்கத் தோன்றும். கூடாது. லீவரைப் போட்டு அரைப் பல் முன்னே, அரைப் பல் பின்னே. நடுவில் எண்ணெய் ஊற்று. மறுபடி முன்னே, பின்னே. ஆட்டும்போது துருத் தூள் எண்ணெயில் கலந்து வெளியே வரும்; ஒரே பக்கம் இழுத்தால் அது ரிங் முன்னால் குவிந்து ஆப்பு வைத்த மாதிரி இறுகும். அன்று சாயந்திரம் நாலு பல். ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் ஓரத்தில் காப்பிக் கசடு மாதிரி கறுப்பாக ஊறி வந்தது. 41-ஆம் நாள் மதியம் ஒரு முழுச் சுற்று. கிராங்க் முனை நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுகிறவர்களுக்கு ஒரு சொல்: எதிர்ப்பக்கம் அழுத்தினால் அந்த நட்டுதான் கழலும். பிளைவீல் பல்லே நல்லது. ஆனால் லீவர் நுனி நழுவாமல் பாருங்கள். எனக்கு ஒரு பல்லின் ஓரம் சிதறியது.

சுற்றிவிட்டது என்று அப்படியே ஸ்டார்ட் செய்யவில்லை. இரண்டாவது பிஸ்டனைக் கழற்றினால் மேல் ரிங் இரண்டு துண்டு. அடுத்தது பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தது. அடித்ததில் உடைந்ததா, துருவில் முன்பே போனதா தெரியாது. மூன்றுக்கும் புது ரிங் போட்டு, போரை லேசாக ஹோனிங் செய்து, அதாவது உரசிச் சீராக்கி, கேஸ்கெட் மாற்றினோம். ஆயில் சேம்பரைத் திறந்தபோது முதலில் வந்தது பழைய ஆயில் இல்லை. கருஞ்சிவப்பாக, நீர் மாதிரி, டீசல் வாடையோடு ஒரு திரவம். நான் ஊற்றியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதோடு ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு, மறுபடி புதுசு.

முதல் ஸ்டார்ட்டில் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு பலகையைக் கையில் கொடுத்துச் சித்தப்பா என்னை அங்கே நிறுத்தினார். உள்ளே தங்கிய எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கலாம். அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். பலகைக்கு வேலை வரவில்லை. முதலில் வெள்ளைப் புகை, இருமல், அப்புறம் ஒரு சிலிண்டர், இரண்டு, மூன்றாவதும் சேர்ந்துகொண்டது. எனக்குக் கை நடுங்கியதில் பலகை சக்கரத்தில் தட்டித் தட்டி விழுந்தது.

ஏன் மூன்று மார்க் என்பதற்குக் கணக்கு. நட்டு போல்ட்டுக்கு முழு மார்க். பிஸ்டனை ஊறவைக்க இதை மறுபடி வாங்குவேனா என்றால் மாட்டேன். ஏடிஎஃப் மட்டும் வாங்கி டீசலோடு கலந்து, மூடி வைத்து, நாளை எண்ணுவேன். பிரியும் குணத்துக்கு அரை மார்க் கழித்தேன், தீப் பயத்துக்கு அரை, விளம்பரமில்லாமலே இதற்குச் சேர்ந்துவிட்ட புகழுக்கு ஒன்று. வெட் லைனர் இன்ஜின், அதாவது லைனருக்கு வெளியே நேராகத் தண்ணீர் நிற்கிற இன்ஜின், வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். என்னுடையதில் ட்ரை லைனர், கெட்டுப்போக அங்கே ரப்பர் இல்லை. வெட் லைனரில் கீழே ரப்பர் ரிங் இருக்கும். அசிட்டோனுக்கும் பல வகை ரப்பருக்கும் ஆகவே ஆகாது. ஆவியாவதற்குள் அதுவரை போய்ச் சேர்ந்தால், சீஸ் ஆன இன்ஜினைத் திறந்துவிட்டு ஆயிலில் தண்ணீர் கலக்கும் இன்ஜினை வாங்கிக்கொள்வீர்கள்.

இரண்டாவது சிலிண்டர் சுவரில் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற குழிகள் நாலைந்து இருக்கின்றன. சூடாகும் வரை கொஞ்சம் நீலப் புகை வருகிறது. "இப்ப ஓட்டு, லைனர் அடுத்த வருஷம் பாப்போம்" என்கிறார் சித்தப்பா. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் பண்ணும்போது எடுக்க மறந்தால் அது கூரை வரை பறக்கிறது, இதுவரை இரண்டு முறை.

கலவை இன்னும் கால் பாட்டில் மிச்சம். பின்பக்கம் டிரெய்லர் மாட்டி இழுக்கிற டிராபாரின் பின் ஒன்று அப்பா காலத்திலிருந்து கழலாமல் இருக்கிறது. நேற்று சாயந்திரம் பாட்டிலை நன்றாகக் குலுக்கி அதில் விட்டுவைத்தேன்.